காத்திருப்பு அறை நோட்டு

நோட்டை மாட்டியது நானில்லை.
எனக்கு முன்னால் இந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்த கால்யு,
படகு வராத ஒரு நவம்பர் மாலையில்
வசவு தாங்காமல் ஆணியடித்துத் தொங்கவிட்டு,
"இதில் எழுதுங்கள், என்னிடம் வேண்டாம்" என்று
கதவைச் சாத்திக்கொண்டாராம்.

நான் வந்தபோது நோட்டுக்கு ஒரு பேனா இருந்தது.
எஸ்தோனியக் குளிரில் மை உறைந்த பேனா.
எழுத வந்தவர்கள் அதை ஊதியிருக்கிறார்கள்,
அக்குளில் சொருகிப் பார்த்திருக்கிறார்கள்,
கடைசியில் நகத்தால் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால்
ஒரு வரி மட்டும் படிக்கக் கிடைத்தது:
கழிப்பறையில் பல்பு இல்லை.

முதல் வேலையாகப் பென்சில்.
வலைநூலில் கட்டினேன்.
இடதுகைக்காரர் ஊர்மாஸ், நூல் எட்டவில்லை என்றார்.
ஒரு முழம் நீட்டினேன்.

பதில்கள் ஓரத்தில் நசுங்கிக் கிடந்தன.
"முட்டை விற்கிறேன்" என்பதன் பக்கத்தில்
"என்ன விலை?" செங்குத்தாக ஏற,
"போன வாரமே தீர்ந்தது" தலைகீழாக இறங்க,
படிப்பவர்கள் நோட்டைச் சக்கரமாய்ச் சுற்றினார்கள்.
நடுவில் கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் சொல்ல, அந்தப் பக்கம் பதில் சொல்ல.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
பெயர், வீட்டெண், தேதி, கையொப்பம் என்று
ஸ்கேல் வைத்துச் சிவப்பில் நான்கு கட்டம்.
மூன்று வாரம் ஒரு வரி விழவில்லை.
பென்சில் கூர் மழுங்காமல் தொங்கியது.
கட்டம் போட்ட பக்கங்களை அடுப்புக்குக் கொடுத்தேன்.
மறுநாள் காலை:
"படகில் டீசல் நாற்றம் தாங்கவில்லை.
பெயர் போட முடியாது,
மெக்கானிக் என் மருமகன்."

வசவும் வந்தது.
லெய்தாவின் பெயர் சொல்லி,
அவள் தனியாக இருப்பதைச் சொல்லி,
முனை ஒடியும் அழுத்தத்தில்.
கிழித்தால் பின்பக்கத்தில்
ஒரு குழந்தை வரைந்த கடல்நாய் போய்விடும்.
மேலே ஒரு துண்டுக் காகிதம் வைத்து
ஒரு விளிம்பை மட்டும் ஒட்டினேன்,
பார்க்க விரும்பாதவர் பார்க்காமல் போகட்டும் என்று.
மூன்றே நாளில் காகிதத்தின் முனை
கைபட்டுக் கறுத்துவிட்டது.
நான்கு பக்கமும் பசை தடவினேன்.

ஜனவரியில் ஒருவர் கேட்டிருந்தார்:
"வலதுகைக் கையுறை, சாம்பல் நிறம், நீலப் பட்டை.
கண்டவர் உண்டா?"
மார்ச்சில் பதில் வந்தது:
"பனி உருகியபோது கிடைத்தது. பத்திரமாக இருக்கிறது. ஹெல்டுர்."
கேட்டவர் அக்கரைக்காரர், பிறகு வரவேயில்லை.
பக்கங்கள் புரண்டு பதில் அடியில் போயிற்று.
ஒரு கை குளிரில், ஒரு கையுறை அலமாரியில்.
டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் இதுவே ஓடியது.

அதனால் அஞ்சலட்டை.
வேண்டியவர்கள் விலாசத்தை என்னிடம் தரலாம்,
நோட்டில் வேண்டாம்.
உங்கள் வரிக்கு யாராவது பதில் எழுதினால்
ஓர் அட்டை வரும்.
முட்டைக்கார ஆய்னோவுக்கு ஒரே மாதத்தில் பதினாலு.
"போதும் தாயே, நிறுத்து" என்று
பதினைந்தாவது அட்டையை அவளே எனக்குப் போட்டாள்.
நிறுத்தவும் வழி வேண்டும் என்று
அன்றைக்குத்தான் உறைத்தது.

தபால்தலைக்குக் கணக்குத் தலைப்பு இல்லை என்றது
தாலின் அலுவலகம்.
மின்சாமான் செலவில் எழுதிக்கொண்டேன்.

நேற்று யாரோ பழைய பக்கத்தைத் திறந்து
நகக்கீறலின் மேல் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்திருக்கிறார்கள்.
கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாய் எழும்பி நிற்கிறது
அந்த வரி.
எதிரே, புதிய கையெழுத்தில்:
இன்னும் இல்லை.

ஓர் அட்டை எடுத்தேன்.
யாருக்கு என்று தெரியவில்லை.
என் விலாசமே எழுதினேன்.
பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு,
ஆறு வருடத்தில் முதல்முறையாக
நான் விற்ற டிக்கெட்டில் நானே ஏறினேன்,
பல்பு வாங்க.

டீசல் நாற்றம் உண்மைதான்.